மணல் போடாத தொட்டி

நோரா கணவன் வீட்டை விட்டு வெளியேறியது ஜனவரி இரண்டாவது வாரத்தில். துணிமணி, சான்றிதழ்கள், மிக்ஸி, அம்மா கொடுத்த மாதா சுரூபம் எல்லாம் ஒரே ஆட்டோவில் வேளச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தன. சாந்தோம் வீட்டுக் கூடத்தில் இருந்த நாலடிக் கண்ணாடித் தொட்டியை மட்டும் அவளால் கொண்டுபோக முடியவில்லை. தண்ணீரும் பாறையும் சேர்ந்து அரை டன் கனம் வரும். வேளச்சேரியில் அவள் பிடித்திருந்தது இரண்டாவது மாடி. "வாஷிங் மெஷின் வைக்கறதுக்கே யோசிக்கிறேன்மா, நீங்க கடலையெல்லாம் தூக்கிட்டு வராதீங்க" என்று வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

கடல் என்று அவர் சொன்னதில் தப்பில்லை. உப்புத்தண்ணீர்த் தொட்டி அது. உள்ளே பாறைகள், பாறைகள் மேல் உயிருள்ள பவளங்கள். கல் பவளம் வைக்கச் சட்டம் இடம் தராது என்பதால் மென்மையான வகைகளை மட்டுமே நோரா வளர்த்தாள். தோல் பவளம், காளான் பவளம், சட்டைப் பொத்தான் அளவில் கூட்டம் கூட்டமாய் விரியும் பட்டன் பவளம். இரண்டு க்ளௌன் மீன், ஒரு நீல மீன், சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட ஒரு இறால். தொட்டிக்கு அடியில் மணல் கிடையாது. வெறும் கண்ணாடிதான். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். மணல் இருந்தால் மீன் கழிவும் மிச்சத் தீனியும் அதற்குள் புதைந்து அழுகும்; இல்லாவிட்டால் அழுக்கு கண்ணுக்குத் தெரியும், ஒரு மூலையில் ஒதுங்கும், வாரத்துக்கு இரண்டு முறை ட்யூப் வைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம். அடையாறில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்த நோராவுக்கு, அழுக்கு கண்ணுக்குத் தெரிகிற இந்த முறை பிடித்துப் போயிற்று.

அவள் வீட்டை விட்டுப் போனதற்குக் காரணம் ஒரு கடிதம். டிசம்பரில் ஒரு நாள் ஆய்வுக்கூடத்தின் தலைமை டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மேஜை டிராயரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். பெயர் போடாத கடிதம். கம்ப்யூட்டரில் அடித்திருந்தது. 'தங்கள் நிறுவனத்தில் பணிபுரியும் மேற்படி பெண்மணி, மீன் வாங்கும் சாக்கில் சிந்தாதிரிப்பேட்டையில் காஷிஃப் என்னும் மேற்படி நபரின் கடை மாடிக்கு அடிக்கடி சென்று வருகிறார் என்பதை மிகுந்த வேதனையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' டாக்டர் அதைப் பொருட்படுத்தவில்லை. "யாரோ வேண்டாதவங்க. கிழிச்சுப் போட்டுடுங்க" என்றார். நோரா கிழிக்கவில்லை. அந்த 'மேற்படி' அவளுக்குத் தெரியும். அவள் கணவன் ஃபிரெட்ரிக் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளன். பங்குக் கோயிலின் மாத இதழையும் அவன்தான் எழுதிக்கொண்டிருந்தான். கல்லறைத் திருநாள் அறிவிப்பானாலும் சரி, பாடகர் குழுப் பயிற்சியானாலும் சரி, ஒரு பத்தியில் மூன்று மேற்படி இல்லாமல் அவனுக்கு எழுத வராது.

தொட்டியைப் பற்றி ஒரு முடிவுக்கு வரவேண்டியிருந்தது. பங்குத் தந்தையின் அறையில் அவரை நடுவில் உட்காரவைத்து இருவரும் பேசினார்கள். புதன், சனி மாலை நான்கிலிருந்து ஆறு வரை நோரா வந்து சுத்தம் செய்துவிட்டுப் போவாள். சாவி ஒன்று அவளிடம் இருக்கும். ஆவியாகிப் போகிற தண்ணீருக்கு ஈடாக ஃபிரெட்ரிக் தினமும் ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், எந்த சுவிட்சையும் அணைக்கக் கூடாது. "கொஞ்ச நாளைக்கு இப்படி இருக்கட்டும். ஆண்டவர் வழி காட்டுவார்" என்றார் சாமியார். இருவருமே அவருக்குத்தான் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்தார்கள்.

பிப்ரவரியில் ஃபிரெட்ரிக்கின் அக்கா ஜொவிட்டா வந்து சேர்ந்தாள். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தம்பிக்குச் சோறு போட ஆளில்லை என்று சொல்லிக்கொண்டு, மகள் ஷில்பாவையும் கூட்டிக்கொண்டு தாம்பரத்திலிருந்து வந்தவள், திரும்பிப் போகவில்லை. நோரா வேலை செய்கிற இரண்டு மணி நேரமும் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, பரீட்சை ஹாலில் பிட் அடிக்கிற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பாள். நேராக ஒரு வார்த்தை பேசமாட்டாள். "ஃபிரெட்டு, தொட்டி கழுவற பொம்பளை வந்திருக்கா பாரு. அவ செருப்பை வெளியவே விடச் சொல்லு" என்று உள்ளறைக்குக் குரல் கொடுப்பாள். நோராவும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வீட்டுத் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் பாட்டில் கொண்டுவந்தாள். ஒவ்வொரு முறையும் உப்பின் அளவை எடுத்து, அதிலிருந்து தண்ணீர் ஊற்றாமல் விட்ட நாட்களைக் கணக்கிட்டுச் சிவப்பு மையில் எழுதி, தொட்டிக் கண்ணாடியில் எல்லாரும் படிக்கும்படி ஒட்டிவிட்டுப் போனாள்.

மே மாதம், கத்திரி வெயில் நேரம். ஒரு சனிக்கிழமை நோரா ட்யூபைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஜொவிட்டா முதல்முறையாக நேரடியாகவே பேசினாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க ஷில்பாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இந்த ஹால்லதான் உக்காரப் போறாங்க. இதைப் பாத்தா மார்ச்சுவரி மாதிரி இருக்கு. அடியில வெறும் கண்ணாடி. கொஞ்சம் மணலு, ரெண்டு சங்கு, ஒரு பொம்மைக் கப்பலு போட்டா பாக்கறதுக்கு லட்சணமா இருக்கும்ல?"

"மணல் போட்டா உள்ள இருக்கறது அத்தனையும் செத்துடும். அப்ப நிஜமாவே மார்ச்சுவரியாயிடும்" என்றாள் நோரா.

"ஊருல இல்லாத தொட்டி."

ஃபிரெட்ரிக் அறைக் கதவில் வந்து நின்றான். "வீட்டுல எது எப்படி இருக்கணும்னு வீட்டுல இருக்கறவங்க முடிவு பண்ணிக்கட்டும்."

"தொட்டி என்னுது."

"அது நிக்கிற தரை என்னுது."

நோரா ட்யூபை வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். ஷில்பா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அழைப்பிதழ் உறைகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றே நோரா நிதானமாகச் சொன்னாள். "தினம் அஞ்சு லிட்டர் தண்ணி ஊத்தறது ஒண்ணுதான் உங்க வேலை. எட்டு வயசுப் பிள்ளை செய்யும். அதையே வாரத்துல ரெண்டு நாள் மறக்கறீங்க. மணலைப் பத்தியெல்லாம் நீங்க எதுக்குப் பேசறீங்க?"

ஃபிரெட்ரிக்கின் காதுமடல் சிவந்தது. ஷில்பா எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நோராவுக்கு அன்று பேருந்தில் வேளச்சேரி போய்ச் சேரும்வரை உள்ளுக்குள் இதமாக இருந்தது.

புதன்கிழமை நான்கு மணிக்குப் பூட்டைத் திறந்து உள்ளே வந்தவள், செருப்பைக் கழற்றும்போதே ஏதோ சரியில்லை என்று உணர்ந்தாள். பம்பின் வழக்கமான உறுமல் இல்லை. பல்லைக் கடிப்பதுபோல் ஒரு கரகரச் சத்தம் வந்துகொண்டிருந்தது. கூடத்துக்குள் வந்தால், தொட்டி முழுக்க மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. பாறை தெரியவில்லை, மீன் தெரியவில்லை. கண்ணாடியை ஒட்டிக் கண்ணை வைத்துப் பார்த்தாள். உள்ளே மணல் சுழன்றுகொண்டிருந்தது. மணல் இல்லாத தொட்டி என்பதால் இரண்டு பக்கமும் பலமான அலை பம்ப் வைத்திருந்தாள். பவளங்களுக்கு நீரோட்டம் வேண்டும். அந்த இரண்டு பம்பும் அடியிலிருந்து மணலை வாரி வாரிப் பவளங்கள் மேல் அடித்துக்கொண்டிருந்தன. முன்பக்க மூலையில் ஒரு பெரிய சங்கும், பிளாஸ்டிக் கப்பல் ஒன்றும் சாய்ந்து கிடந்தன.

நோரா ஓடிப்போய் அலை பம்ப் இரண்டையும் அணைத்தாள். தொட்டியைத் தாங்கி நின்ற அலமாரியைத் திறந்தால், உள்ளே இருந்த கீழ்த்தொட்டியிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுகிற பம்ப் மணல் சிக்கி நின்று போயிருந்தது. தண்ணீர் ஓடாததால் குளிரூட்டியும் ஓடவில்லை. இருபத்தாறில் நிற்க வேண்டிய தெர்மாமீட்டர் முப்பத்திரண்டு காட்டியது. கையைத் தோள்வரை உள்ளே விட்டாள். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. அடியில் இரண்டு அங்குலத்துக்கு மணல். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். கடற்கரை மணல்தான். கறுப்புத் துகளும், உடைந்த கிளிஞ்சலும், ஒரு குண்டூசி அளவு பிளாஸ்டிக்கும் சேர்ந்து வந்தன.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

ஜொவிட்டா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இம்முறை அவளிடம் கொஞ்சம் தயக்கம் இருந்தது. "நேத்து சாயங்காலம் தம்பிதான் போட்டான். பட்டினப்பாக்கத்துல போயி ரெண்டு அரிசிப் பையில கொண்டாந்தான். மூணு தடவை கழுவிட்டுத்தான் போட்டான். செத்துடும்னு நீ சொன்னது சும்மா மிரட்டலுன்னு நெனச்சோம். அவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நல்லா இருக்கட்டுமேன்னு போட்டது. ராத்திரி கலங்குச்சு, காலையில தெளிஞ்சுடும்னு பாத்தோம்."

"கலங்கினப்புறம் எனக்கு ஒரு போன் பண்ணத் தோணலையா?"

"நீதான் எங்ககூடப் பேசறதில்லையே."

நோரா போனை எடுத்துக் காஷிஃபைக் கூப்பிட்டாள்.

காஷிஃபும் அவன் மனைவி மஹ்விஷும் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு குறுகிய வீட்டின் மாடியில் உப்புத்தண்ணீர் மீன் வியாபாரம் செய்தார்கள். கீழே பைண்டிங் கடை, மேலே சுவர் முழுக்கத் தொட்டிகள். நோரா அங்கே போனால் பேசிக்கொண்டிருப்பது பெரும்பாலும் மஹ்விஷோடுதான். அந்தக் கடிதத்தைக்கூட அவளிடம் காட்டியிருந்தாள். எந்த மீன் எந்த மீனைக் கடிக்கும் என்று காஷிஃபைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். "மேடம், நீங்க எதையும் வெளிய எடுக்காதீங்கோ. உப்புத் தண்ணி புதுசா கலந்துதான் கீது, ட்ரம்முல ஊத்திக்கினு வரேன்" என்றான் காஷிஃப்.

அவர்கள் வந்துசேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை நோரா கைகளால் மணலை அள்ளி அள்ளி வாளியில் போட்டாள். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்றை அலமாரியில் எப்போதும் வைத்திருப்பாள். அதன் குழாயை உள்ளே விட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் அடங்கியபோது முதலில் தெரிந்தது தோல் பவளம். தொட்டி வாங்கிய வருடம் கட்டை விரல் அளவில் வந்து, ஆறு வருடத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்தது. அதன் தோல் கிழிந்து பழைய வெள்ளைத் துணிபோல் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டதும் நாற்றம் மேலே வந்தது.

ஐந்தரை மணிக்கு ஃபிரெட்ரிக் அலுவலகத்திலிருந்து வந்தான். அவன் பின்னாலேயே படியில் ட்ரம் உருளும் சத்தம் கேட்டது. காஷிஃப் ஒரு நீல ட்ரம்மை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். ஃபிரெட்ரிக் கதவின் இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"அந்த ஆளு என் வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கக்கூடாது."

காஷிஃப் ட்ரம்மைக் கீழே வைத்தான். "சார், உள்ள உசுரு சாவுது சார். அப்பறமா சண்டை போட்டுக்கலாம்."

"உன்னோட எனக்கு என்ன பேச்சு? இறங்கிப் போய்யா."

காஷிஃபுக்குப் பின்னால் தெர்மோகோல் பெட்டிகளோடு நின்ற மஹ்விஷ் முன்னால் வந்தாள். குள்ளமான பெண். ஃபிரெட்ரிக்கின் நெஞ்சு உயரம்தான் இருப்பாள்.

"எந்த ஆளு? நோராக்கா ஆபீசுக்கு லெட்டர் போட்டீங்களே, அதுல மேற்படி நபர்னு எழுதினீங்களே, அவரையா சொல்றீங்கோ? அவரு இவருதான் சார். நான் அந்த மேற்படி நபரோட பொஞ்சாதி. அந்தக் கடை மாடியில தெனம் இவரோட இருக்கறது நான்தான். இன்னும் ஏதாவது எழுதணும்னா என் பேரையும் சேத்து எழுதிக்கோங்க. இப்ப நகருங்கோ."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மேல்மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். ஃபிரெட்ரிக்கின் கைகள் கதவிலிருந்து இறங்கின. அந்தக் கடிதத்தைப் பற்றி வீட்டில் யாரிடமும் அவன் சொல்லியிருக்கவில்லை என்பது ஜொவிட்டாவின் முகத்தில் தெரிந்தது. "என்ன லெட்டருடா?" என்று அவள் கேட்டாள். அவன் சாப்பாட்டு மேஜைப் பக்கம் போய் நின்றான்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் மூன்று பேரும் நிமிராமல் வேலை செய்தார்கள். காஷிஃப் இரண்டு ட்ரம்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். பவளங்களை முதல் ட்ரம்மில் அலசி மணலை உதிர்த்து, இரண்டாவதில் விட வேண்டும். பட்டன் பவளங்கள் எல்லாம் இறுக மூடிக்கிடந்தன. உயிர் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. காளான் பவளங்கள் சுருங்கிப்போய் மணலை உடம்பெல்லாம் ஒட்டவைத்துக்கொண்டிருந்தன. "இதுங்க கெட்டி மேடம், பொழைச்சுக்கும்" என்றான் காஷிஃப். நீல மீன் மேலே வந்து ஒருக்களித்து மிதந்தபடி வாயை வேகவேகமாகத் திறந்து மூடியது. மஹ்விஷ் அதை ஒரு கிண்ணத்தால் மொண்டு, குழந்தைக்கு மருந்து கொடுக்கிறவள்போல் பெட்டியில் விட்டாள். இறாலின் வெற்றுக் கூடு போன்ற உடல் கப்பலுக்கு அடியில் கிடைத்தது.

"ஹால் பூரா உப்புத்தண்ணி. ஞாயித்துக்கிழமை இங்க ஃபங்ஷன்" என்று ஜொவிட்டா இரண்டு முறை சொன்னாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஷில்பா அறையிலிருந்து வந்து, தண்ணீர் நிறைந்த ட்ரம்மின் மறுபக்கத்தைப் பிடித்து வாசல்வரை தூக்கிக் கொடுத்தாள். அம்மா அதட்டியதற்கு, "கை ஒடிஞ்சு போயிடாதும்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள்.

கடைசிப் பாறையை எடுத்தபோது அதற்குப் பின்னால் சின்ன க்ளௌன் மீன் கிடந்தது. ஆண் மீன். செவுள் திறந்து, அதற்குள் மணல் அப்பியிருந்தது. பெரியது, பெண், ஏற்கெனவே பெட்டியில் இருந்தது. நோரா சின்னதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவளுக்கு அந்த கிறிஸ்துமஸ் ஞாபகம் வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு. பாடகர் குழுவிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். யாரோ ஒருவர் மணலைப் பற்றிக் கேட்டார். ஒரு கையில் கல்கல் பலகாரத் தட்டோடு ஃபிரெட்ரிக்தான் பதில் சொன்னான். "மணல் மட்டும் போடவே கூடாது பிரதர். இந்த ரெண்டு பம்பும் சேந்து அடிச்சா உள்ள மணல் புயலே கிளம்பும். பவளத்தோட தோலை உரிச்சுடும். மேல ஏத்தற பம்ப் ஜாமாயிடும். ஒரே நாள்ல எல்லாம் காலி." நோரா சமையலறை வாசலில் நின்று அதைக் கேட்டாள். தான் சொன்னதை இவ்வளவு கவனமாகக் கேட்டு வைத்திருக்கிறானே என்று அன்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவள் ஃபிரெட்ரிக் நின்ற இடத்துக்குப் போனாள். பதினேழு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் அவனை நீங்க என்று சொல்லாமல் கூப்பிட்டதில்லை. சண்டையின் உச்சத்தில்கூட அது மாறியதில்லை.

"நீ தெரிஞ்சுதான் போட்டே."

ஜொவிட்டா குறுக்கே வந்தாள். "அவனுக்குத் தெரியாதுன்னு எத்தனை தடவை சொல்றது..."

"அக்கா, நீங்க சும்மா இருங்க. இவன் சொல்லட்டும். தெரியுமா, தெரியாதா?"

ஃபிரெட்ரிக் அவள் கையிலிருந்த மீனைப் பார்த்தான். பிறகு மேஜை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டினான்.

"தெரியும்" என்றான்.

ஜொவிட்டா ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். காஷிஃப் ட்ரம்மின் மூடியை மெதுவாக அழுத்தினான்.

"ஆறு வருஷமா இந்த வீட்டுல நான் உன் தொட்டிக்கு வாட்ச்மேன்" என்றான் ஃபிரெட்ரிக். குரல் உயரவில்லை, அலுவலகத்தில் கோப்பைப் படித்துக் காட்டுகிற மாதிரிச் சொன்னான். "நான் வந்து நின்னா நிமிந்து பாக்க மாட்டே. மீன் ஒரு நாள் சாப்பிடலைன்னா லீவு போடுவே. விட்டுட்டுப் போனே, சரி. போனவ மறுபடி வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து நிக்கறே. என்னைப் பாக்கவா வந்தே? கண்ணாடியைத் துடைக்கறே, தீனி போடறே, என்னைத் தாண்டிக்கிட்டுப் போறே. எல்லாரும் பாக்க எனக்கு மார்க் போட்டு ஒட்டிட்டுப் போறே. இது இருக்கறவரைக்கும் நீ வந்துகிட்டேதான் இருப்பே. எனக்கு வேண்டாம்."

அவன் சொன்னதில் பாதி உண்மை என்று நோராவுக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. "வராதேன்னு ஒரு வார்த்தை என்கிட்டே சொல்ல உனக்கு வாயில்லை. இதுங்களைக் கொல்லத்தான் தைரியம் வந்திருக்கு" என்றாள்.

"சொன்னா கேட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அப்பறம்?"

நோரா இறந்த மீனை அவன் முன்னால் மேஜை விரிப்பின் மேல் வைத்தாள். பக்கத்தில் சாவியையும் வைத்தாள். ஜொவிட்டா "ஐயோ, சாப்பிடற மேஜைடி" என்று முகத்தைச் சுளித்தாள். ஃபிரெட்ரிக் அசையவில்லை. நோரா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈரக் காலோடு படியிறங்கினாள்.

லோடு ஆட்டோவின் பின்பக்கத்தில் ட்ரம்களுக்கு நடுவே அவளும் மஹ்விஷும் உட்கார்ந்துகொண்டார்கள். ராயப்பேட்டை முழுக்க வண்டிகள் நின்று நின்று நகர்ந்தன. ஒவ்வொரு பிரேக்குக்கும் தண்ணீர் ததும்பி மடியில் விழுந்தது. காற்று பம்ப் வண்டு மாதிரி ரீங்கரித்துக்கொண்டே வந்தது.

"அழுவறியாக்கா?" என்றாள் மஹ்விஷ்.

"இல்ல. கை எரியுது." மணல் அள்ளியதில் நகக்கண் எல்லாம் கிழிந்து உப்பு ஏறியிருந்தது. மஹ்விஷ் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் இரண்டு கைகளிலும் ஊற்றினாள்.

நீல மீன் வெள்ளிக்கிழமை செத்துப்போயிற்று. தோல் பவளத்தைக் காஷிஃப் நான்கு துண்டாக வெட்டிக் கெட்டதைக் கழித்துப் பார்த்தான். ஒரு துண்டுகூடத் தேறவில்லை. பட்டன் பவளங்கள் எட்டாவது நாள் ஒவ்வொன்றாகத் திறந்தன. காளான்கள் எல்லாமே பிழைத்துக்கொண்டன. பெண் க்ளௌன் மீன் இரண்டு வாரம் ஒன்றும் தின்னாமல் தொட்டி மூலையைப் பார்த்தபடியே கிடந்துவிட்டு, ஒரு நாள் காஷிஃபின் விரலைக் கடித்தது. "கடிக்கிதுன்னா நல்லாயிடுச்சுன்னு அர்த்தம்" என்று மஹ்விஷ் போனில் சொன்னாள்.

நிச்சயதார்த்தச் செய்தி, அதே பங்கில் இருக்கும் ஒரு பழைய தோழி மூலமாக நோராவுக்குக் கிடைத்தது. தொட்டியிலிருந்த தண்ணீரையும் மணலையும் அவர்களால் சனிக்கிழமைக்குள் வெளியேற்ற முடியவில்லையாம். க்ரீம் கலர் திரைத்துணியால் மூடி, முன்னால் பூஜாடி வைத்திருந்தார்களாம். அந்த வெயிலில் நாற்றம் கூடம் தாங்காமல், மாப்பிள்ளையின் பெரியம்மா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே மோதிரம் மாற்றுவதைப் பார்த்தாளாம். நோரா தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். ஷில்பாவை நினைத்தபோது மட்டும் சிரிப்பு நின்றது. ஒரு வாழ்த்து அட்டை வாங்கி அந்தப் பெண்ணின் அலுவலக முகவரிக்கு அனுப்பினாள்.

சாவி கையில் இருந்தவரை அவள் வக்கீலிடம் போகவில்லை. வழக்கு என்று ஆரம்பித்தால் அந்த வீட்டுக் கதவு மூடிவிடும் என்ற பயம் இருந்தது. இப்போது அந்தப் பயம் இல்லை. ஜூன் முதல் வாரத்தில் மயிலாப்பூரில் ஒரு பெண் வக்கீலைப் போய்ப் பார்த்தாள். ஜூலையில் விவாகரத்து மனு போட்டாயிற்று. சாமியார் ஒரு முறை கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். கோயில் திருமணம் அவ்வளவு சுலபத்தில் முறியாது என்றார். "அதுக்கு எத்தனை வருஷம் ஆனாலும் ஆகட்டும் ஃபாதர், இதை முதல்ல முடிக்கிறேன்" என்றாள்.

வேளச்சேரி வீட்டுக்காரரிடம் பேசிப் பேசி, சுவரோரமாக இரண்டடித் தொட்டி ஒன்று வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினாள். இதிலும் அடியில் வெறும் கண்ணாடிதான். ஆகஸ்டில் காஷிஃப் அவளுடையதை எல்லாம் கொண்டுவந்து இறக்கினான். கூடவே, பெண் மீனுக்குத் துணையாக மஹ்விஷ் தேர்ந்தெடுத்த ஒரு பொடி மீனும் வந்தது. முதல் மூன்று நாள் பெரியது அதை ஓட ஓட விரட்டியது. நான்காம் நாள் இரண்டும் ஒரே மூலையில் தூங்கின.

செப்டம்பரில் கோர்ட்டில் முதல் முறையாக ஃபிரெட்ரிக்கைப் பார்த்தாள். இளைத்திருந்தான். சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தனியாக நின்றது. அக்கா கூட வரவில்லை. வராந்தா பெஞ்சில் இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்திருந்தவன், அந்த இரண்டு பேரும் பெயர் கூப்பிட்டு எழுந்து போனதும், நடுவில் இருந்த காலி இடத்தைப் பார்த்தபடியே கேட்டான்.

"ஏதாவது பிழைச்சுதா?"

நோராவுக்கு அவன் எதைக் கேட்கிறான் என்று உடனே புரிந்தது. அன்று காலையில் தீனி போட்டுவிட்டு வந்த கையில் இன்னும் மீன் வாடை இருந்தது. புதுத் தொட்டியில் பட்டன் பவளங்கள் பழையதைவிடக் கூடுதலாகப் பெருகியிருந்தன. இதையெல்லாம் அவன் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறான் என்பதும், தெரிந்தால் அவன் கொஞ்சம் நன்றாகத் தூங்குவான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"இல்ல" என்றாள். "ஒண்ணுகூட இல்ல. எல்லாம் செத்துப்போச்சு."

அவன் தலையை ஆட்டினான். அதற்குள் உள்ளிருந்து இருவர் பெயரையும் சேர்த்து ஒரே மூச்சில் கூப்பிட்டார்கள். வழக்கு இன்னொரு தேதிக்குத் தள்ளிப்போயிற்று. வெளியே வந்து, அவன் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகப் போனார்கள்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கு முந்தின நாள் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வது நோராவுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அந்த மாதமும் வேளச்சேரிக் கோயிலில் வரிசையில் நின்றாள். ஆய்வுக்கூடத்தில் ஒரு பெண்ணிடம் எரிந்து விழுந்ததைச் சொன்னாள். இரண்டு ஞாயிறு பூசைக்குப் போகாமல் விட்டதைச் சொன்னாள். வேறு ஏதாவது உண்டா என்று வலைக்கு அப்பாலிருந்து குரல் கேட்டது. கோர்ட் வராந்தாப் பொய்யைச் சொல்வதானால் அதற்கு முதலில் மனம் வருந்தி மனஸ்தாபப்பட வேண்டும். நோரா கொஞ்ச நேரம் தனக்குள் தேடிப் பார்த்தாள்.

"இல்லை ஃபாதர்" என்றாள்.